ஒரு மணி நேரம் வெந்த அரிசி

கழக்கூட்டம்
வியாழக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு, மாடத்தி எழுதிக்கொள்வது.

நானும் நம் மகள் ஆர்யாவும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துவிட்டேன், அதனால் கேட்கவில்லை. மூன்று மாதம் முடிகிறவரை போன் தர மாட்டோம், வேண்டுமானால் கடிதம் போடுங்கள் என்று குடி மறுவாழ்வு மையத்தில் சொன்னபோது அழுகையாக வந்தது. இப்போது அதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றுகிறது. போனில் என்றால் என்னை முழுதாகச் சொல்லவா விடுவீர்கள்? நடுவில் புகுந்து, சரி விடு என்பீர்கள். கல்லாற்று மையத்தில் உட்கார்ந்துகொண்டு கடைசி வரி வரை படித்துத்தானே ஆக வேண்டும்!

அத்தான், நான் மீட்டிங்கில் பேசினேன்! நாற்பது பேர் முன்னால், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக. ஞாயிற்றுக்கிழமை நடந்தது, இன்னும் படபடப்பு அடங்கவில்லை. கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் அங்கே போன பிறகு, சனிக்கிழமைதோறும் லைப்ரரி ஹாலில் ஒரு ட்ரஸ்ட் கொடுக்கிற கிட்டை வாங்கித்தான் வீட்டை ஓட்டுகிறேன். நம் லைனில் பதினாறு வீடும் வாங்குகிறது. பருப்பு, எண்ணெய், தேயிலை, சோப்பு இருக்கும். யாராவது கொடுத்த நல்ல துணியும் ஸ்கூல் பையும் சில வாரம் வரும். கூடவே ஐந்து கிலோ சிவப்பு மட்ட அரிசி. வம்பு அதில்தான் வந்தது.

இந்த மலையாள ஊர்க்காரர்களுக்கு மட்ட அரிசி என்றால் உயிர். நமக்கு அந்தச் சிவப்புச் சோறு தொண்டையைத் தாண்டாது. அது போகட்டும், பழகிக்கொள்ளலாம். வேக ஒரு மணி நேரம் ஆகிறதே, அதற்கு என்ன செய்ய? ஐந்தரைக்கு எழுந்து ஆறே முக்காலுக்கு பிளாட்டுகளில் வீட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் நாங்கள். கேஸும் பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். ஆனால் சோற்றுக்கு அரிசி தருகிறவர் முகத்தைப் பார்த்து, இது எங்களுக்கு ஆகாது என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வருமா? கும்பிட்டு வாங்கி, முக்குக் கடையில் கொடுத்து வெள்ளைப் புழுங்கலரிசியாக மாற்றிக்கொண்டோம். ஐந்து கிலோ கொடுத்தால் நாலு கிலோ. பதினாறு வீடும் இதைத்தான் செய்திருக்கிறது, ஒரு வீடும் இன்னொரு வீட்டிடம் மூச்சு விடவில்லை.

ட்ரஸ்டில் வேலை பார்க்கும் ஷிபின் போன வாரம் அந்தக் கடைக்கு டீ குடிக்கப் போயிருக்கிறார். ட்ரஸ்ட் முத்திரை போட்ட அரிசிப் பைகள் வரிசையாக விற்பனைக்கு நிற்கின்றன! அரிசியை விற்றுக் காசாக்குகிறார்கள், இவர்களுக்குத் தேவையே இல்லை, இந்த லைனுக்குக் கிட்டை நிறுத்த வேண்டியதுதான் என்று பேச்சு வந்துவிட்டது. ஞாயிறு பத்து மணிக்கு எல்லோரும் ஹாலுக்கு வரும்படி ட்ரஸ்டின் தலைவி ராஜஸ்ரீ மேடம் சொல்லியனுப்பினார். பக்கத்து வீட்டு சுசீலாபாய் அக்கா, நாணக்கேடு, நான் வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இன்னும் படுக்கையில் கிடக்கிறார், மூன்று பிள்ளைகள். கிட் நின்றால் அந்த வீட்டில் உலை ஏறாது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் உங்களுக்குத் தெரியாததா?

ஒற்றை அடுப்பையும் சின்ன சிலிண்டரையும் பானையையும் ஆட்டோவில் ஏற்றி, ஆர்யாவையும் கூட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டேன். மேடம் முன்னாலேயே அடுப்பைப் பற்றவைத்து, மட்ட அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். மேடம், இது வேகிற வரைக்கும் ஞான் பறையும், வெந்ததும் வாயை மூடிக்கிடுதேன் என்றேன். ஷிபின் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை, வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

கால் மணி நேரத்தில் என்னிடம் இருந்த பேச்செல்லாம் தீர்ந்துபோனது. அரிசி கல்லாகவே கிடக்கிறது! நல்லவேளை, நம் லைன் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து அவரவர் காலை நேரத்துப் பாடுகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நடுவில் மேடம், குக்கரில் வெச்சால் போரே, போதாதா என்று கேட்டார். பதினோரு வீட்டில் குக்கரே கிடையாது என்றேன். உன் வீட்டில் உண்டா என்றார். உண்டு மேடம், ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன், வந்துவிடும் என்றேன். என் அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்த குக்கர் யார் கையால், எதற்காக வீட்டைவிட்டுப் போனது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆர்யாவுக்கும் தெரியும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முக்கால் மணி நேரம் ஆனபோது வாசலில் சுசீலாபாய் அக்கா! கையில் ஒரு கிண்ணம் தேங்காய்ச் சம்மந்தி, நம் துவையல்தான். குடுக்கிறவங்ககிட்ட எப்படிம்மா வேண்டாம்னு சொல்லுவோம் என்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள், அழுதுவிட்டாள். மேடத்துக்கும் கண் கலங்கிவிட்டது. அய்யோ, ஞங்ஙள் ஒரு வாக்கு சோதிச்சில்லல்லோ என்றார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காதது அவர்கள் தப்பு என்று அவரே சொல்லிவிட்டார். பத்தே காலுக்கு ஏற்றிய சோறு பதினொன்றே காலுக்கு வெந்தது. அதையே சம்மந்தியோடு ஆளுக்கு ஒரு பிடி தின்றோம். ஆர்யா மட்டும் ரெண்டு தடவை வாங்கி, எனிக்கு இது மதி அம்மே என்கிறாள், இதுவே போதுமாம்! ஸ்கூல் சோறு தின்று வளர்கிற பிள்ளை, வேறு எப்படி இருக்கும்?

கிட் நிற்கவில்லை அத்தான்! இந்தச் சனிக்கிழமை முதல் மட்ட அரிசி ஒரு பக்கம், வெள்ளை அரிசி ஒரு பக்கம். எது வேண்டுமோ அதைக் கேட்டு வாங்கலாம். அந்த அரிசி மேசையைப் பார்த்துக்கொள்வது நான்! கழுத்தில் மாட்ட அட்டை வந்துவிட்டது. இதுவரை நாலு தடவை மாட்டிப் பார்த்தாயிற்று.

இன்னொன்று. மேடம் அவருடைய வாட்ஸ்அப் குழுவில், வீட்டில் சும்மா கிடக்கும் குக்கர் இருந்தால் தாருங்கள் என்று போட்டார். நேற்றைக்குள் பன்னிரண்டு வந்துவிட்டது. ஒன்றுக்கு விசில் இல்லை, ஒன்றுக்குக் கைப்பிடி ஆடுகிறது, அதனால் என்ன? முதல் குக்கரை சுசீலாபாய் அக்கா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பன்னிரண்டாவது புதுசு. அதை மேடம் தனியாக எடுத்து வைத்து, இது மாடத்திக்கு என்றார். கை நீண்டுவிட்டது அத்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் வாங்கவில்லை. வேறு யாருக்காவது கொடுங்கள் மேடம், எங்களுடையது வந்துவிடும் என்று மறுபடியும் சொன்னேன்.

இதை நான் குத்திக்காட்ட எழுதவில்லை. டைல்ஸ் மேஸ்திரி நேற்று உங்களை வேலைக்குக் கேட்டார். அவரிடமும் வந்துவிடுவார் என்றுதான் சொன்னேன். இன்னும் இருபத்திரண்டு நாள். அடுப்புக்குப் பக்கத்தில் குக்கர் வைக்கிற இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை, துடைத்து வைத்திருக்கிறேன். சுடலைமாடன் உங்களுக்குத் துணை இருப்பார். நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டேன் அத்தான். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

வழி பார்த்திருக்கும்,
சுடலைமாடத்தி