மடத்துக் காவல் தலைவர் அவர்களுக்கு

மடத்துக் காவல் தலைவர் அவர்களுக்கு,

வாசலிலிருந்து விரட்டப்பட்ட யாத்திரிகை வணக்கத்துடன் எழுதுவது. அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். நான் உங்கள் மனைவி.

மாமா இறந்த செய்தியைக் கொழுந்தனார் சொன்னபோது, "முன்னாடியே யாரும் எனக்குச் சொல்லலையே" என்று அவரிடம் கத்தினீர்களாம். சொன்னது யார், எப்போது, அதற்கு நீங்கள் செய்தது என்ன என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள்.

அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. மூக்கிலிருந்த குழாயை விலக்கிவிட்டு, "பெரியவன் குரலை ஒரு தடவை கேக்கணும்மா" என்றார். நானும் விடாமல் உங்களைக் கூப்பிட்டேன். போன் அணைத்திருந்தது. கொழுந்தனார்தான், "லீவு நாள்ல அண்ணன் ரூம்ல போனை ஆஃப் பண்ணிட்டு, கம்ப்யூட்டர்ல ஒரு ஆன்லைன் கேம்ல மடத்துக்குக் காவல் நிப்பான் அண்ணி, அங்க போனாத்தான் பிடிக்கலாம்" என்று என் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். வார்டுக்கு வெளியே, சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் மூலையில் நின்றுகொண்டு விளையாட்டுக்குள் நுழைந்தேன். உள்ளே போகவே ஒரு உருவம் செய்ய வேண்டுமாமே! அங்கே மாமா மூச்சுக்குத் திணறுகிறார், இங்கே நான் தலைமுடிக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறேன். என் தலையெழுத்து.

நீங்கள் இரும்புச் சட்டை போட்டு மடத்து வாசலில் கம்பீரமாகத்தான் நின்றீர்கள். வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால்கூட எழுந்திருக்காத மனிதர்! பக்கத்தில் நின்ற யாரோ, "தலைவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது" என்று எழுதினார்கள். நீங்கள் என்னைப் பார்த்து, "பயணக் களைப்பு தெரிகிறதே தாயே, ஏதாவது சாப்பிட்டாயா?" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் பேர் தெரியாத யாத்திரிகைக்கு இருக்கிற கரிசனம் எனக்கு இல்லாமல் போனதே.

"நான்தாங்க, மாமாவுக்கு ரொம்ப முடியலை, உடனே போனை எடுங்க" என்று எழுதினேன். "மடத்து வாசலில் வெளியுலகப் பேச்சு கூடாது. இது எச்சரிக்கை" என்று பதில் வந்தது. முன்பு யாரோ வீட்டில் தீ என்று புளுகி உங்களை அங்கிருந்து நகர்த்திவிட்டு, மடத்துப் பொக்கிஷத்தைத் திருடிப் போனார்களாம். அதிலிருந்து அந்தச் சட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. சரி, அந்த ஆத்திரத்தில் என்னையும் திருட வந்தவள் என்று நினைத்தீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் அடுத்து நான் எழுதியது, "வாண்டு, அப்பா உன்னைத் தேடுறார்" என்று. உங்களை வாண்டு என்று கூப்பிட இந்த உலகத்தில் மாமா ஒருவர்தான் இருந்தார். அதை எந்தத் திருடனும் எழுத முடியாது. கொஞ்ச நேரம் நீங்கள் அசையவில்லை, ஒன்றும் எழுதவுமில்லை. போனை எடுக்கப் போய்விட்டீர்கள் என்று சந்தோஷமாக வார்டுக்குள் ஓடி, "இதோ பேசப் போறார் மாமா" என்று சொல்லியும்விட்டேன். மறுபடி போனைப் பார்த்தால், தலைவரின் உத்தரவுப்படி நான் வெளியேற்றப்பட்டேன் என்று திரையில் இருந்தது. மாமா என் கையிலிருந்த போனையே பார்த்தபடி இருந்தார். அப்படியே போய்விட்டார்.

அத்தையிடம் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். "பாவம் எம்புள்ள, தெரிஞ்சிருந்தா பறந்து வந்திருப்பான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் உங்களுக்காக அழுகிறார். எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் உண்மை என் வாயிலிருந்து வராது.

காரியத்துக்காவது ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். அந்தப் பெயரை நீங்கள் பார்க்கவே இல்லை என்று என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் நம்பிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி