எனக்குப் பதிலாக ஒரு ஓட்டு

அரவேணு,
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்திக்கிறோம். அதான் எழுதறேன். வழுக்கி விழுந்த காலுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கலை. மழையும் விட்டபாடில்லை, ஈரத்துணி வாடை ஊடு பூரா அடிக்குது.

பைலட் சங்கத்து சார்பா கம்பெனியோட பேச உன்னை அனுப்பியிருக்காங்கல்ல, அப்பாவைக் கையில பிடிக்க முடியலை. பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்களை எல்லாம், "ஏனுங்க, எம் பையன் யூனியன்ல இருக்கானுங்க"ன்னு நிறுத்திச் சொல்றார். தேயிலை பேக்டரியில அவர் யூனியன்ல இருந்த கதையை வேற ஆரம்பிச்சுடறார்.

அண்ணா, கோட்ஷேர் விஷயத்துல மட்டும் விட்டுடாதே. நம்ம கம்பெனி பேர்ல டிக்கெட்டை வித்துட்டு, அடுத்த கம்பெனி விமானத்துல அவங்க பைலட்டே ஓட்டினா, நமக்கு ஓட்ட என்ன மிஞ்சும்? கடைசியாச் சேர்ந்தவங்களைத்தான் முதல்ல வேலையை விட்டு அனுப்புவாங்க. கடைசியாச் சேர்ந்தது நான்தான். அப்பா தேயிலைத் தோட்டத்தை வித்து என்னைப் பைலட்டாக்கினது உனக்கே தெரியும்.

"இதனால் எந்தப் பைலட்டுக்கும் வேலை போகாது"ங்கிற வரி ஒப்பந்தத்துல இல்லாட்டி, என் ஓட்டு 'வேண்டாம்'தான். சங்கத்து ஓட்டெடுப்புக்கு இந்தக் காலோட டெல்லிக்கு வர முடியாது. எனக்குப் பதிலா நீ ஓட்டுப் போடலாம்னு சங்கத்துக்கு எழுதி அனுப்பியிருக்கேன். உன்னை விட்டா வேற யாரை நம்புவேன்?

அண்ணியைக் கேட்டேன்னு சொல்லு.

உன் தங்கச்சி,
ஜீவிதா

டெல்லி,
27 ஜூன் 2025

அன்பு அம்மிணி,

கால் எப்படி இருக்கு? மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன்.

அந்த வரி கிடைக்கலை. அதை விட்டுக்கொடுத்தா சம்பள உயர்வு, சீனியர்களுக்கு வேலை உத்தரவாதம்; இல்லைன்னா பேச்சே கிடையாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. இங்க எல்லாரும் பயந்து போயிருக்காங்க. நானும் பயந்துட்டேன். ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க.

ஓட்டெடுப்புல நான் 'சம்மதம்'னு போட்டேன். உன் ஓட்டையும் அப்படியே போட்டுட்டேன். பேசப் போனவனோட தங்கச்சியே எதிர்த்தா, மத்தவங்க எப்படி ஒத்துக்குவாங்க, சொல்லு? ஒப்பந்தம் நிறைவேறிடுச்சு.

கோவிச்சுக்காதே கண்ணு. வேலை போனாலும், எப்படியாவது உன்னைத் திரும்பக் கூப்பிட வைக்கிறேன். அப்பாகிட்ட எதுவும் சொல்லாதே. ஆடியில வந்து நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்.

அண்ணன்,
பாலகுமார்

அரவேணு,
19 ஜூலை 2025

அண்ணனுக்கு,

கட்டுப் பிரிச்ச மறுநாளே வேலை போன மெயில் வந்தது. நான் ஓட்டிக்கிட்டிருந்த ரூட் எல்லாம் இனி அடுத்த கம்பெனிக்காம்.

நீங்க பயந்தது புரியுது. உங்க ஓட்டை நீங்க எப்படிப் போட்டிருந்தாலும் நாலு நாள் திட்டிட்டு விட்டிருப்பேன். என் கையைப் பிடிச்சு என் கன்னத்துலயே அறைஞ்சுட்டீங்களே! எப்படி மனசு வந்தது உங்களுக்கு? அழுது அழுது முகம் வீங்கிப் போச்சு. அதைப் பார்த்து அப்பா கேக்காம இருப்பாரா? வேலை போனதைச் சொல்லிட்டேன்.

தோட்டத்தைப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசலை. "பாலு உனக்காகச் சண்டை போட்டானா அம்மிணி?"ன்னு மட்டும் கேட்டார்.

போட்டாருங்கப்பான்னு சொன்னேன். கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்கலைன்னு சொன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அது போதும், தோக்கறது தப்பில்லை"ன்னார். அன்னிக்கு ரெண்டு வாய் சாப்பிட்டார்.

ஆடிக்கு வராதீங்க. வந்தா என் முன்னாடியே உங்களைக் கட்டிப்பிடிச்சுப் பாராட்டுவார். அந்தப் பொய்யை ஒரு தடவை சொல்லிட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாதுங்க.

ஜீவிதா