பச்சைப் புல்லுக்கு அடியில் உப்பு

என் சுருட்டை மாமா,

ஊருக்கு நீங்கள் முத்தையா. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு மட்டும் சுருட்டை மாமா. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்போது நீங்கள் வீட்டில் இல்லை, அதனால் எழுதிக் கூப்பிடுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். சின்னக்கானலில் காட்டை ஒட்டி வீடு வைத்திருக்கிறவர்கள் படித்தால் நல்லதுதான்.

வீட்டுக்குப் பின்னால் நீங்கள் பீன்ஸ் போட்ட இடத்தில் இப்போது பிளாஸ்டிக் புல் கிடக்கிறது. நம்புவீர்களா? நீங்கள் போன பிறகு நம்ம செல்வம் முன்பக்கத்து இரண்டு அறைகளைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். அவர்கள் விளையாட ஏதாவது வேண்டுமாம். கோல்ஃப் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழவைக்கிற விளையாட்டு. அந்த இடத்துக்குப் பட்டிங் கிரீன் என்று பேர். "ரிசார்ட்டுல எல்லாம் இருக்கும்மா. வீட்டுல யாருமே போடல" என்றான். யாரும் செய்யாததைச் செய்யவேண்டும் அவனுக்கு. உங்கள் பிள்ளைதானே.

மண்ணை வெட்டிச் சமன் செய்து, ஜல்லிப்பொடி கொட்டி, ரோலர் உருட்டுகிற வரைக்கும் நான் பார்த்தேன். அதற்குள் தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு என்று போடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் புல் விரித்து, குழி வைத்து, குட்டிக் கொடியும் நட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். உள்ளங்காலில் பல் விளக்குகிற பிரஷ் மாதிரி குத்தியது.

அன்றைக்கே மழை. மறுநாள் காலையில் செவலை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், புல்லின் தாழ்ந்த ஓரத்தில் தண்ணீர் கசிகிற இடத்தை நக்கிக்கொண்டு நின்றது. இழுத்தேன், வரவில்லை. அடித்தேன், அப்போதும் வரவில்லை. அந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"டேய் செல்வம், இதுக்கு அடியில என்னடா போட்ட?"

"கல்லுப்பும்மா. அடியில களை முளைச்சா மேல மேடு தட்டிரும். மருந்தடிச்சா மாட்டுக்கு ஆகாதுன்னு நீதான கத்துவ. அதான் மூட்டை மூட்டையா வாங்கிக் கொட்டுனேன்."

மாட்டை நினைத்தவன் யானையை நினைக்கவில்லையே மாமா. உப்புக்கும் அரிசிக்கும் எத்தனை கடைக் கதவை யானை உடைத்திருக்கிறது இந்த மலையில்? நீங்கள் வேலை முடிந்து தேயிலைக்குள் நடந்து வரும்போது உங்களை மிதித்தவன் இன்னும் இங்கேதான் சுற்றுகிறான். ஜனங்கள் அவனைப் பெரியவர் என்கிறார்கள். என் வாயில் அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது.

"மேல புல்லு மூடியிருக்கும்மா. யானைக்கு எப்படித் தெரியும்?"

"மாட்டுக்கு எப்படிடா தெரிஞ்சுச்சு?"

மருமகள் ஜோதிதான் குறுக்கே வந்தாள். "அத்தை, சனிக்கிழமை கொச்சியில இருந்து ஆள் வருது. ரெண்டு சின்னப் பிள்ளைங்க வேற. இதைப் போட்டோவுல பாத்துட்டுத்தான் நம்ம வீட்டையே எடுத்திருக்காங்க."

"பிள்ளைங்க வருதுன்னுதான்டி சொல்றேன்."

"அப்ப பெரியவர் வந்தா நீங்களே சொல்லிருங்க, ரூம் காலி இல்லைன்னு."

யாரும் சிரிக்கவில்லை. நான் மண்வெட்டியை எடுத்துவந்து புல்லின் ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். செல்வம் ஓடிவந்து கையைப் பிடித்தான். "எதைப் பாத்தாலும் உனக்கு அப்பா செத்ததுதான் ஞாபகம் வருது. நாங்க பொழைக்க வேணாமா?"

"ஆமாண்டா, வருது. உனக்கு வரலையா?"

கையை விட்டான். உள்ளே போனான். திரும்பி வரும்போது அவன் கையில் புல் வெட்டுகிற கத்தி இருந்தது. ஒட்டின ஓரத்தை அவனே கிழித்தான். ஜோதியும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். பாவம், அவளும் அழுதுகொண்டேதான் அள்ளினாள்.

அள்ளிய உப்பு மண்ணை எங்கே கொட்டுவது? ரோட்டோரம் கொட்டினால் அங்கே வருவான். ஓடையில் கொட்டினால் எஸ்டேட் லயத்து வீடுகளில் ஜனங்கள் குடிக்கிற தண்ணீர். போடிமெட்டு தாண்டி மலைக்குக் கீழே கொண்டுபோனால்தான் உண்டு. காலையில் போகிறேன் என்றான் செல்வம். நான் விடவில்லை. "ராத்திரி இது வாசல்ல நிக்கக் கூடாது, இப்பவே கொண்டுபோ" என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதுவரை அள்ளிய பாதியைச் சாக்குகளில் கட்டி ஜீப்பில் ஏற்றினான். "வெளிச்சம் இருக்கும்போதே மலை இறங்கிருவேன், நீ கதவைப் பூட்டிக்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் ஜோதியின் போனில் சேதி வந்தது. ஃபாரஸ்ட்காரர்கள் அனுப்புவது. ஒற்றை யானை போடிமெட்டு ரோட்டில் ஏறியிருக்கிறது, வண்டியில் போகிறவர்கள் கவனம் என்று. அவனுக்குப் போட்டால் மணி அடிக்கவே இல்லை. அந்தப் பாதையில் எங்கே சிக்னல் கிடைக்கிறது?

இப்போது அந்தி. மாட்டைக் கொண்டுவந்து சமையல்கட்டை ஒட்டிக் கட்டியிருக்கிறோம். பின்னால் இன்னும் பாதி உப்பு கிடக்கிறது, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். ஜோதி போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. என்னால் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மீதி மண்ணையும் நானே அள்ளிவிடுகிறேன் மாமா. அடிமண் வருகிற வரைக்கும் வெட்டி, நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரிக்கவில்லை என்றால்தான் பிள்ளைகளை அங்கே விளையாட விடுவேன். கொச்சிக்காரர்கள் வராமல் போனாலும் சரி. இது உங்களுக்குச் சத்தியம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். யானை எதிரில் வந்தால் ஹாரன் அடிக்கக் கூடாது, தூரத்திலேயே நின்று வண்டியை மெல்லப் பின்னால் எடுக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஜீப் ஓட்டத் தெரியாத எனக்கு எதற்கு அது? செல்வத்துக்குச் சொன்னீர்களா மாமா?

உங்கள் மாமன் மகள்,
செல்வத்தின் அம்மா