குன்றிமணி இல்லாத மராக்காஸ்

ஆகஸ்ட் 31, ஞாயிறு இரவு.

தி.நகர் கல்யாண மண்டபத்தில் இன்று எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. மராக்காஸைக் குலுக்குவது, குயிரோவை உரசுவது, கௌபெல்லைத் தட்டுவது என்று சின்னத் தாள வாத்தியங்கள் என் பொறுப்பு. மேடை ஏறும்போதே லீடர் மூர்த்தி அண்ணன் சொன்னார்: "நைனா, உன் மைக்க ஆஃப் பண்ட்டேன். மராக்காஸ், குயிரோ, கௌபெல் எல்லா சவுண்டும் எலக்ட்ரானிக் பேடுல ஏத்தியாச்சு. நீ சும்மா ஆட்டிக்கினு நில்லு. மேடை நெறஞ்சா மாதிரி இருக்கும்."

"அப்ப நான் இன்னாத்துக்குண்ணே?"

"நீ சைடு ரிதம்தானே? சைடுல நில்லு."

எல்லோரும் சிரித்தார்கள். ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைக்கும் இதே வேலைதான்.

அந்த மராக்காஸ் நானே சுரைக்குடுக்கையில் செய்தது. இடைவேளையில் அதன் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த குன்றிமணிகளைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டேன். மீதிப் பாட்டுகளுக்கெல்லாம் வெறும் குடுக்கையை ஆட்டினேன். யாராவது கண்டுபிடித்துத் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

இறங்கியதும் அண்ணன் தோளில் தட்டினார். "ரெண்டாவது பாதில மராக்காஸ் பின்னிட்ட நைனா! அடுத்த வாரம் அடையாறு, வந்துரு."

தலையையும் ஆட்டிவிட்டு வந்தேன்.

சட்டையைக் கழற்றாமலே படுத்தேன். புரண்டபோதெல்லாம் பையில் குன்றிமணி சலசலத்தது. எழுந்து இதை எழுதுகிறேன். அவற்றைத் திரும்பக் குடுக்கைக்குள் போடலாம். எதற்கு என்றுதான் தெரியவில்லை.