பவானியின் நோட்டுக்கு எத்தனை மார்க்

என் ஸ்டெல்லாவுக்கு,

ஜுரம் உன்னைக் கொண்டுபோய் நாற்பது நாள் ஆகிறது. போட் இன்ஜின் வேலைக்குப் போகிறேன். சாப்பிடுகிறேன். அழுகைதான் வரவில்லை. ஏன்?

உன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சிந்தனை நோட்டுகள் வீட்டுக்கு வந்தன. காலை ஜெபம் முடிந்ததும் மனதில் பட்டதை எழுதச் சொல்வாயே, அவைதான். "மார்க் கட்டம் நீங்க போட்டுக் குடுத்ததுதானே தம்பி, இந்தத் தடவை நீங்களே திருத்திடுங்க" என்றார் தலைமை சிஸ்டர்.

உனக்காக நான் போட்டுக் கொடுத்த கட்டம்: நடந்தது, உணர்ந்தது, நன்றி, தீர்மானம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து. டிப்ளமோ படித்தவன் புத்தி. நன்றிக்கு ஐந்து மார்க் என்பதால் ஒருவன் "ஆண்டவருக்கு நன்றி" என்று ஐந்து தடவை எழுதியிருந்தான். நீ சிரித்திருப்பாய். நான் ஐந்து போட்டேன்.

லைட்ஹவுஸ் குப்பத்துப் பவானி எழுதியிருந்தாள்: "டீச்சர் பொழைக்கணும்னு வேண்டினேன். சாமி கேக்கல. இந்த வாரம் நன்றி இல்ல."

கட்டப்படி நன்றிக்குச் சுழி போட்டேன். தீர்மானத்துக்கும் சுழி. "மாத்தி எழுதச் சொல்லுங்க. இல்லேன்னா ஃபெயில்தான்" என்றார் சிஸ்டர்.

போய்ச் சொன்னேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பவானி நிமிர்ந்தாள். "இன்னா சார், பொய்யா எழுதுனா பாஸா?"

"வாய மூடுடி!" என்றாள் அவள் அம்மா. "எழுதிடுவா சார், நீ போ."

நோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து பழைய பக்கங்களைப் பார்த்தேன். என் கட்டத்தை நீ ஒரு தடவைகூட நிரப்பவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலில் "அப்புறம்?" என்று கேட்டிருக்கிறாய். பிள்ளை அதற்குக் கீழே எழுதிய பிறகுதான் மொத்தமாக ஒரு மார்க். இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? வருத்தப்படுவேன் என்றா?

பவானி பக்கத்தின் அடியில் நானும் "அப்புறம்?" என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் நோட்டு வந்தது.

"அப்புறம் தெனம் சாமிய திட்றேன். டீச்சர் அங்க நல்லா இருக்காங்களான்னு கேக்கறேன். பதில் வரல. நாளைக்கும் கேப்பேன்."

சிஸ்டரிடம் காட்டினேன், உன் பழைய பக்கங்களோடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவரே பேனாவை எடுத்து இருபதுக்குப் பத்தொன்பது போட்டார்.

"ஒண்ணு ஏன் சிஸ்டர் கொறச்சீங்க?"

"கையெழுத்து கோழி கிறுக்குன மாதிரி இருக்கே, தம்பி."

ஸ்டெல்லா, இந்தக் கடிதத்தில் நடந்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். உணர்ந்தது என்ற இடம் காலி. நீ என்ன கேட்பாய் என்று தெரியும். அடியில் இடம் விட்டு வைக்கிறேன். அழுகை வரும்போது எழுதுவேன். வருவதற்கு முன்னால் பொய்யாக எழுத மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
சேகர்