ஆடியில் நான் அனுப்பிய வெற்றிலை

சைதாப்பேட்டை, சென்னை-15
28.11.1999

அன்பு மகன் ராகேஷுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் குறைவில்லாமல் இருக்கிறோம், மலேசியாவில் நீயும் அப்படியே இருக்க காரணீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். மனசளவில் எப்படி என்று கேட்காதே. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம். இருமல் விட்டதா, வெந்நீர் குடிக்கச் சொன்னேனே, குடிக்கிறாயா? நீ குடித்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

நம் செக்கு நின்றுவிட்டதப்பா. தீபாவளிக்கு மறுநாள் அப்பா பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி மேலே வைத்துவிட்டார். கடையில் இப்போது பாமாயில் டின்தான். துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறதாம், சர்க்கார் கதவைத் திறந்துவிட்டார்களாம், நாம் ஆட்டுகிற கடலை எண்ணெய் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியவில்லை. வாங்குகிறவர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. நொச்சிக்குப்பத்திலிருந்து வந்து மீன் வறுத்து விற்கிற சீதா இருக்கிறாளே, நம் எண்ணெயைத் தவிர தொடமாட்டேன் என்பாளே, அவளே வந்து, இன்னாக்கா பண்றது, கடல எண்ணெ ஊத்திகினு இருந்தா நான் துண்ண முடியாது, புள்ளைங்களும் துண்ண முடியாது என்றாள். நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அங்கே பாமாயில் மரத்துக் குலையை வெட்டுகிறவர்களும் நம் தமிழ் ஜனங்கள்தான், குழாயில் தண்ணீர் வராத எஸ்டேட் லயத்து வீட்டில் கிடக்கிறார்கள் என்று. அங்கே வெட்டுகிறவனுக்கும் இல்லை, இங்கே விதைக்கிறவனுக்கும் இல்லை என்றால் நடுவில் யார்தான் தின்று கொழுக்கிறான் என்று உன் படிப்புக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்.

இனி எழுதப் போவதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத் தெரியும், ஆடிப்பெருக்குக்கு முன்னால் நம் வீட்டு வெற்றிலை பாக்கு திண்டிவனத்துக்குப் போனால்தான் ரகுபதி மாமா விதைக்கடலையைக் கையில் எடுப்பார். அந்த வருஷக் கடலையை நம் செக்கு எடுத்துக்கொள்ளும் என்பதற்கு அதுதான் பேச்சு, வேறு எழுத்து கிடையாது. எனக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து என் கையால்தான் கட்டி அனுப்புகிறேன். இந்த வருஷம் ஆனியிலேயே அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அனுப்பாதே, நம்மால் எடுக்க முடியாது, உன் அண்ணன் வேறு ஏதாவது போட்டுக்கொள்ளட்டும் என்று. நானும் தலையை ஆட்டினேன். ஆனால் நாள் நெருங்க நெருங்க எனக்கு ஒப்பவில்லை. பிறந்த வீட்டுக்கு வருஷா வருஷம் போகிற வெற்றிலையை நிறுத்தினால் அது அறுத்துவிட்ட மாதிரி ஆகாதா? மாமா அதைத் தங்கை அனுப்பியது என்று மட்டும் எடுத்துக்கொள்வார் என்று என் மண்டையில் இருக்கிற களிமண் நினைத்தது. கடலை எடுக்க முடியாது என்று ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல், பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறவரிடம் கொடுத்தனுப்பினேன். மாமா முழு நிலத்துக்கும் கடலை போட்டுவிட்டார்.

போன வாரம் லாரியில் மூட்டையோடு மூட்டையாக அவரே வந்து இறங்கினார். அப்பாவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது, நம் இயலாமையையும் சேர்த்து அவர் மேல் கொட்டினார். கடை வாசலில் நாலு பேர் பார்க்க, எங்கள் வீட்டு வெற்றிலை வராமல் உங்களை யார் மச்சான் விதைக்கச் சொன்னது என்று கத்தினார். நான் உள்ளே கதவோரம் நின்றேன். மாமா என்னைப் பார்த்தார் ராகேஷ். ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, யாரும் சொல்லல மாப்ள, நானாத்தான் ஆசப்பட்டுப் போட்டுட்டேன், தப்பு என்மேலதான் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். என் நாக்கு அழுகிப் போகட்டும்.

இரண்டு நாள் அப்பாவும் அவரும் கடை கடையாக அலைந்தார்கள், எவனும் சீண்டவில்லை. கடைசியில் கேட்டவனிடம் கேட்ட விலைக்கு மாமா தள்ளிவிட்டு வந்தார். இனி விதைக்கப் போவதில்லையாம், நிலத்தை மனை போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பெருங்குடிப் பக்கம் வாட்ச்மேன் வேலை கிடைக்குமா என்று அப்பாவிடம் கேட்டார். கிளம்பும்போது காலித் தூக்குப் பாத்திரத்தை என்னிடம் நீட்டி, வீட்டுல எண்ண இல்ல தங்கம், அந்தப் பாமாயில் கொஞ்சம் ஊத்து, நம்ம ராகேஷ் இருக்குற ஊரு எண்ணதான, நல்லாத்தான் இருக்கும் என்றார். கடலை விளைவித்த அண்ணனுக்கு என் கையால் அதை ஊற்றிக் கொடுத்தேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உனக்காவது நல்லது நடக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, சுகமா என்று மட்டும் கேள். எனக்கு எழுதும் பதிலில் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். உன் கடிதத்தை அப்பாதான் பிரித்து எனக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறார்.

இப்படிக்கு
உன் அம்மா
தங்கம்