மண்டியில் ஒரு காபி

1983 ஐப்பசி, வியாழன். திண்டிவனம்.

வீட்டுக்குப் பால் நிறுத்தி ஒரு மாசம் ஆகிறது. என் கடலை மண்டிக்கு மல்லாட்டை மூட்டை கொண்டுவருகிறவர்களுக்கு மட்டும் காபியை நிறுத்தவில்லை. என் கையில் காசில்லை என்று தெரிந்தால் ஒரு மூட்டை வராது.

இன்று சோறு கொண்டுவந்த என் சம்சாரம், வண்டியில் மூட்டையோடு வந்திருந்த அனந்தபுரத்துக்காரர் காபி குடிப்பதைப் பார்த்தாள். "எனக்கும் ஒண்ணு சொல்லுங்க, நானும் மூட்டை கொண்டாந்தேன்னு நெனச்சிக்குங்க" என்று சிரித்தாள். பாதி குடித்துவிட்டு, "சின்னவளுக்கு" என்று மீதியைத் தூக்கில் ஊற்றிக்கினு போனாள்.

அவர் பார்த்துக்கினே இருந்தார். "பணம் இன்னிக்கே கைக்கு வந்துடுமா மொதலாளி?" என்றார். இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. வந்துடும் என்றேன். "அடுத்த தபா பாக்கலாங்க" என்று வண்டியை எதிர் மண்டிக்குத் திருப்பிவிட்டார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது சம்சாரம் கேட்டாள்: "அவரு மூட்டையை எறக்கிட்டாரா?"

"எறக்கிட்டாரு."

"அப்ப நாளைலருந்து பால்காரரை வரச் சொல்லட்டுங்களா?"

சொல்லு என்றேன்.